கடற்பாசி போடாத சூப்

யேச்சான் பரீட்சை எழுதப் போவதில்லை. இது அவனுடைய அம்மா யோன்சிலுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும். சபைக்கு மட்டும்தான் தெரியாது. அதனால் யோன்சிலின் சமையலறை அலமாரியில் மிட்டாய்ப் பெட்டிகள் ஏறிக்கொண்டே போயின.

கல்லூரி நுழைவுப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு யொத் மிட்டாய் கொடுப்பது ஊர் வழக்கம். கம்மர்கட் மாதிரி பல்லில் அப்பிக்கொள்ளும். பிள்ளையும் போய் நல்ல கல்லூரியில் அப்படியே அப்பிக்கொள்ள வேண்டுமாம். கடற்பாசி சூப் மட்டும் கூடவே கூடாது. வழுக்கும், வழுக்கினால் பிள்ளை விழுந்துவிடும். 'இதெல்லாம் உலகத்தாருடைய மூடநம்பிக்கை, நமக்கு ஆண்டவர் இருக்கிறார்' என்று கிம்ஹே ஒலிவமலைச் சபைப் பெண்கள் அழகாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டு நேரே மிட்டாய்க் கடைக்குப் போவார்கள். பரீட்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில் நவம்பர் மாதம் கடற்பாசியைப் பெயர் சொல்லிக்கூடப் பேசமாட்டார்கள்.

யேச்சானுக்கென்று வந்த பெட்டிகளை யோன்சில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். வேண்டாம் என்று சொல்லும் காலமெல்லாம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் முகம் எரியும்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை யேச்சான் வழக்கம்போலப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து ஒரு காலில் ஷூ போட்டான். மற்ற ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். அதோடு சரி. பள்ளிக்கூடம் நின்றது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு, அறைக் கதவு சாத்தியே கிடக்கும். தட்டை வாசலில் வைத்தால் சில நாள் உள்ளே போகும், சில நாள் போகாது. டாக்டர், நாளாகும், அவசரப்படுத்தாதீர்கள் என்றார். கொஜே கப்பல் பட்டறையிலிருந்து வாரக்கடைசியில் வரும் புருஷனோ, "யார்கிட்டயும் மூச்சு விடாதே, கொஞ்ச நாள்ல எந்திரிச்சிடுவான்" என்றான். ஆனால் பரீட்சைப் பிள்ளைகளின் படங்களை வசந்த காலத்திலேயே ஜெப அறைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சீருடையில் சிரித்துக்கொண்டிருந்த யேச்சானின் படத்தை யார் போய் இறக்குவது?

புருஷன் சொன்னதற்காக மட்டும் அவள் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. அது சாக்கு. அந்தச் சபையில் யாருக்குக் கஷ்டம் வந்தாலும் முதலில் சூப் பாத்திரத்தோடு போய் நிற்பவள் யோன்சில்தான். அதே சபையிலிருக்கும் சுன்பொக்கின் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போனபோது, எந்த வீட்டிலிருந்து எந்த நாள் சாப்பாடு என்று முறை போட்டு நடத்தியவளும் அவளே. கொடுத்துப் பழகிய கைக்கு வாங்கக் கூசும். அதைவிட, சாப்பாடு கொடுத்துவிட்டு லிஃப்டில் இறங்கும்போது பெண்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "பாவம், வீடெல்லாம் எப்படிக் கிடக்குது பாத்தீங்களா?" என்று அன்றைக்குப் பேசியதே அவள்தானே.

ஆகஸ்டில் நூறு நாள் ஜெபம் தொடங்கியது. விடியற்காலைக் கூட்டம். பாஸ்டர் அம்மா ஒரு சட்டம் வைத்திருந்தார். தன் பிள்ளைக்காக எந்தத் தாயும் கேட்பாள், அதில் என்ன விசுவாசம் இருக்கிறது? அடுத்தவள் பிள்ளைக்காகக் கேள். உன் பிள்ளையை அவள் பார்த்துக்கொள்வாள். நூறு நாளும் தன் பிள்ளை பெயரை வாயில் எடுக்கக்கூடாது. சீட்டுப் போட்டார்கள். யேச்சான் சுன்பொக்குக்கு விழுந்தான். சுன்பொக்கின் ஒரே மகள் சியோன் யோன்சிலுக்கு விழுந்தாள்.

சுன்பொக், வயதானவர்களுக்கான மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி, துடைத்து, ஊட்டி விடுகிற வேலை செய்பவள். ஒரு நாள் முழுக்க வேலை, அடுத்த நாள் ஓய்வு. வேலை முடிந்த காலையில் நேரே சபைக்கு வந்து, முழங்காலில் நின்று, "ஆண்டவரே, யேச்சானை நினைத்தருளும்" என்று தொண்டை கரகரக்க ஆரம்பித்து, 'நல்ல விடை கொடும்' என்று கத்தி முடிப்பாள். அதைக் கேட்கும்போது யோன்சில், திருடனுக்குத் தேள் கொட்டியது போல, கத்தவும் முடியாமல் அசையவும் முடியாமல் உட்கார்ந்திருப்பாள்.

செப்டம்பரில், ஜெபக் கூட்டத்துக்கு வரும் இன்னொரு தாயான ஹ்யேரிம் அம்மா காதோடு வந்து சொன்னாள்: "உங்களுக்கு ஒரு விஷயம் தெரியுமா? சியோன் அம்மா மத்தியானச் சாப்பாட்டையே விட்டுட்டாங்களாம். பரீட்சை முடியற வரைக்கும் உபவாசம். எல்லாம் உங்க யேச்சானுக்காகத்தான். அந்த வேலையையும் பாத்துக்கிட்டு! நீங்க கொடுத்து வச்சவங்க."

"ஐயோ, எதுக்கு அவங்க..." என்றாள் யோன்சில்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தவளுக்கு, சோறு போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வடிக்கத்தான் தோன்றும்.

சரி, பதிலுக்கு அவள் சியோனுக்காக ஜெபித்தாளா? உதட்டை அசைத்தாள். 'சியோன்' என்று ஆரம்பித்தாலே, ஒரு காலில் ஷூவோடு உட்கார்ந்திருந்த மகன் கண் முன்னால் வந்துவிடுவான். அப்பா இல்லாத பிள்ளை, வீட்டில் ஆள் இல்லாத பிள்ளை, அது படிக்கிறது. என் வீட்டில் எல்லாம் இருந்தும் இப்படியா? அக்டோபரில் மாதிரிப் பரீட்சையில் சியோன் நன்றாகச் செய்திருக்கிறாள் என்று எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்ன விடியற்காலையில், யோன்சில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் நினைத்தது இதுதான்: அவளும் வழுக்கட்டும், அப்போது நான் தனியாக இருக்கமாட்டேன்.

நினைத்த மறுகணமே அவசரமாகக் கண்ணைத் திறந்தாள். ஆனால் நினைத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சுன்பொக் அவளைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டாள். எதையும் யாரிடமும் கேட்டு அறியாதவள். முதலில் தன் ஸ்வெட்டர் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"யேச்சான் அம்மா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, மனசுல வச்சுக்க மாட்டேன்."

"என்னக்கா, சொல்லுங்க."

"பரீட்சை அன்னிக்கு எனக்கு டியூட்டி, இருட்டுலயே கிளம்பணும். மாத்திக்க ஆள் கிடைக்கல. சியோனுக்குக் காலையில சாப்பாடு கட்டிக் கொடுக்க வீட்ல ஆள் இல்ல. கடையில வாங்கிக்கிறேன்னு சொல்லுது அந்தக் கழுதை. அன்னிக்கு ஒரு நாளாவது வீட்டுச் சோறு வேணாமா?" சுன்பொக் தலையைக் குனிந்துகொண்டாள். "நீ எப்படியும் அன்னிக்கு அடுப்புப் பத்த வைப்பே. அதோட ஒரு கைப்பிடி சேத்துப் போட்டுடறியா?"

நீ எப்படியும். யோன்சில் அவசரமாகச் சிரித்தாள்.

"இதுக்குப் போய் இவ்வளவு யோசிச்சீங்களா? ரெண்டு டப்பாவா கட்டினா ஆச்சு. சியோனை வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

"நெத்திலி ரொம்ப வேணாம். பல்லுல மாட்டிக்கும்னு திட்டும்."

"சரிக்கா."

"நன்றி" என்று சொல்லிக் குனிந்த சுன்பொக்கின் காது மடல் வரை சிவந்திருந்தது. கேட்டு வாங்குவதற்கு அவளுக்கு எவ்வளவு பட்டிருக்கும் என்று யோன்சிலுக்குத் தெரிந்தது. தான் அதைச் செய்யவே மாட்டோம் என்பதும் தெரிந்தது.

பரீட்சை நாள் வழக்கம்போலக் குளிரோடு விடிந்தது. யோன்சில் இருட்டிலேயே எழுந்து அரிசியைப் போட்டாள். முட்டையை அடித்து ஊற்றிச் சுருட்டினாள். மாட்டிறைச்சியை இனிப்பாக வதக்கினாள். நெத்திலியைக் கொஞ்சமாகப் போட்டாள். இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தாள். இரண்டாவது எதற்கு என்று அவளையே கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. கை அதன் போக்கில் வைத்தது.

சூப்புக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. முள்ளங்கியை எடுக்க அலமாரிக்குள் கையை விட்டாள். கையில் வந்தது கடற்பாசிப் பொட்டலம்.

உடனே அவள் அதை உள்ளே வைத்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரித்தாள். கறுப்பாக உலர்ந்த அந்த இழைகளிலிருந்து கொஞ்சம் கிள்ளி, கொதிக்கிற தண்ணீருக்கு மேலே கையைக் கொண்டுபோய்விட்டாள். போட்டால் என்ன, வெறும் சூப்தானே, நாம்தான் இதையெல்லாம் நம்புவதில்லையே. ஆனால் நம்பாதவளுக்கு ஏன் அப்படிப் படபடக்க வேண்டும்?

"யாருக்கும்மா இது?"

பின்னால் யேச்சான் நின்றிருந்தான். ராத்திரி முழுக்க விழித்திருந்த கண்கள். எள்ளெண்ணெய் வாசனைக்கு வெளியே வந்திருக்கிறான். யோன்சில் கையை மூடிக்கொண்டாள்.

"சியோனுக்கு. அவங்க அம்மாவுக்கு இன்னிக்கு வேலை."

"ரெண்டு டப்பா இருக்கே?"

அவன் இரண்டு டப்பாக்களையும் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னும் அவங்ககிட்ட சொல்லலையா நீ?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "என்னைப் பத்திச் சொல்ல அவ்வளவு அசிங்கமா இருக்காம்மா?"

"அப்படி இல்லடா கண்ணு" என்றாள். அப்படித்தான் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

அழைப்பு மணி அடித்தது. யோன்சில் கையிலிருந்ததைக் குப்பையில் உதறிவிட்டு, முள்ளங்கியையும் சோயா விழுதையும் போட்டு அவசர அவசரமாகச் சூப்பைக் கொதிக்கவிட்டாள். அதற்குள் யேச்சான் போய்க் கதவைத் திறந்துவிட்டான். எல்லாப் பிள்ளைகளும் பரீட்சைக்கூடத்துக்குப் போகிற நேரத்தில், தூங்குகிற சட்டையும் செருப்புமாக இவன் வாசலில் நிற்கிறான். இதோ, தீர்ந்தது.

சியோனோ அவனை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. "தலை வெட்ட மாட்டியா நீ? காக்காக் கூடு மாதிரி இருக்கு" என்றாள்.

"உனக்குப் பயமா இருக்கா?" என்றான் யேச்சான்.

"வயித்தக் கலக்குது."

"இங்கிலீஷ் உனக்கு நல்லா வரும், விடு."

யோன்சில் சூப் ஃபிளாஸ்க்கையும் டப்பாவையும் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். சியோன் குனிந்து வணங்கினாள். "ரொம்ப நன்றி சித்தி" என்றவள், ஒரு படி இறங்கித் திரும்பி, "டேய், சாயங்காலம் தூங்கிடாதே. முடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

யோன்சில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். பெரிய பள்ளிக்கூடம், வேறு வகுப்பு, தெரிந்திருக்காது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா? சியோனுக்குத் தெரிந்திருக்கிறது என்றால் அவள் அம்மாவுக்கும் தெரியும். முதலில் வந்தது கோபம்தான். தெரிந்துகொண்டே என்னை ஆட விட்டு வேடிக்கை பார்த்தாளா? அப்புறம்தான் கன்னத்திலிருந்து கழுத்து வரை சூடாகப் பரவியது வெட்கம்.

ஜெப அறையில் தாய்மார்கள் பரீட்சை மணியோடு மணியாக முழங்காலில் நிற்பார்கள். அங்கே மொழித்தாள் என்றால் இங்கே அதற்கு ஜெபம், அங்கே கணக்கு என்றால் இங்கே கணக்குக்கு. யோன்சில் போய்த் தன் மெத்தையில் உட்கார்ந்தாள். சுன்பொக்கின் மெத்தை காலியாக இருந்தது.

"சியோன் அம்மா இன்னிக்கு வேலையில இருக்காங்க" என்றார் பாஸ்டர் அம்மா. "யேச்சானை யார் ஜெபத்துல தாங்கறீங்க?"

"நான்" என்று மூன்று பேர் கை தூக்கினார்கள். ஹ்யேரிம் அம்மா இரண்டு கையையும் தூக்கினாள்.

அந்தக் கைகளைப் பார்த்ததும் யோன்சிலால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து சுவருக்குப் போய் மகனின் படத்தை இறக்கினாள்.

"யாரும் வேணாம். யேச்சான் வீட்டுல இருக்கான். அவன் பரீட்சைக்குப் போகல. ஜூன்லயே பள்ளிக்கூடத்த விட்டுட்டான். உடம்புக்கு ஒண்ணுமில்ல, மனசு சரியில்ல. நான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

ஹ்யேரிம் அம்மா, அவளுக்கே தெரியாமல் வாய் தவறிக் கேட்டுவிட்டாள்: "அப்போ அந்த மிட்டாயெல்லாம்?"

"அப்படியே இருக்கு. கொண்டாந்து கொடுத்திடறேன்."

"ஐயோ, நான் அதுக்குச் சொல்லலீங்க!" என்று அவள் பதறினாள்.

யோன்சில் வாசல் பக்கம் திரும்பினாள். பாஸ்டர் அம்மா எழுந்து வந்து, "உக்காருங்க யேச்சான் அம்மா. எதுக்கு ஓடறீங்க? சேந்து ஜெபிப்போம்" என்று கையைப் பிடித்தார். அத்தனை பேரும் இரக்கத்தோடு பார்த்த பார்வையை யோன்சில் நன்றாக அறிவாள். எத்தனையோ வீட்டு வாசலில் அவளே பார்த்த பார்வை. "ஒருத்தங்களைப் பாத்துட்டு வரேன்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு படத்தோடு வெளியே வந்தாள்.

வீட்டுக்குப் போய் இரண்டாவது டப்பாவை எடுத்துக்கொண்டாள். யேச்சானுக்கு வேறு சோறு வைத்து, "சொல்லிட்டேன்டா" என்று மூடிய கதவிடம் சொன்னாள். "ம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மத்தியானமாகிவிட்டது.

சுன்பொக், நோயாளிகளுக்கு ஊட்டி முடித்துவிட்டு, மாடிப்படியில் ஜன்னலோரமாக உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யோன்சிலைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"சியோனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. டப்பாவை வாங்கிட்டு நல்லாத்தான் போனா." யோன்சில் டப்பாவை நீட்டினாள். "சாப்பிடுங்க. போதும் உபவாசம். யேச்சான் பரீட்சை எழுதலன்னு உங்களுக்குத் தெரியும்ல? எப்போலேர்ந்து தெரியும்?"

"ஜூன்லேர்ந்து."

"ஜூன்லேர்ந்தா? அப்போ நூறு நாளும் தெரிஞ்சேதான், 'நல்ல விடை கொடும்'னு என் முன்னாடி கத்தினீங்களா?"

"நீ பக்கத்துல உக்காந்திருந்தியே, வேற என்னத்தக் கத்தறது?" என்றாள் சுன்பொக். "வாயில அது. உள்ளே, அந்தப் பிள்ளை ஒரு வாய் சோறு சாப்பிடணும், கதவத் தொறந்து வெளிய வரணும்னுதான் கேட்டேன். அவன் சாப்பிடாம கிடக்கறப்ப எனக்கு மட்டும் மத்தியானச் சோறு எப்படி இறங்கும்?"

யோன்சில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"சாப்பாடு கட்டித் தரச் சொன்னதும் அதுக்குத்தானா?"

"இல்ல. நெசமாவே எனக்கு ஆள் இல்ல. உன்கிட்ட கேக்க நாலு நாள் மென்னு முழுங்கினேன், கடவுளுக்குத்தான் தெரியும். ஆனா ஒண்ணும் நெனச்சேன். இன்னிக்குக் காலையில ஊர்ல எல்லா வீட்டு அடுப்பும் எரியும், நீ மட்டும் அடுப்படியில வெறும் கையோட நிப்பியேன்னு."

சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்து முட்டைச் சுருளில் ஒன்றை வாயில் போட்டாள். இத்தனை நாளுக்கப்புறம் மத்தியானத்தில் சாப்பிடுகிறவள், கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். யோன்சிலால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதோடு நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். போயிருந்தால் வாழ்நாள் முழுக்க அந்த மென்ற வாய் கண்ணுக்குள்ளேயே நின்றிருக்கும்.

"அக்கா, நான் சியோனுக்காக ஜெபிக்கல."

சுன்பொக் மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஒரு நாள்கூட மனசார ஜெபிக்கல. உதட்ட அசைச்சேன். ஒரு நாள் அவளும் வழுக்கணும்னு நெனச்சேன். இன்னிக்குக் காலையில கடற்பாசிய எடுத்துட்டேன்."

"சூப்புல போட்டியா?"

"போடல. கை வரைக்கும் வந்துது. அப்புறம் முள்ளங்கிதான் போட்டேன்."

சுன்பொக் டப்பாவை மூடித் தன் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. தன் கைகளைப் பார்த்தாள். நோயாளிகளைக் கழுவிக் கழுவி வெடித்துப்போன கைகள்.

"நான் என் பொண்ணு பேர ஒரு நாளும் சொல்லலயேடி" என்றாள். "பாஸ்டர் அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. வாய் வரைக்கும் வரும், முழுங்கிடுவேன். உன் கையில விட்டாச்சு, நீ பாத்துக்குவேன்னு. நூறு நாளும் என் பிள்ளைக்குன்னு யாருமே கேக்கலையா?"

காலையில் அத்தனை பேர் முன்னால் படத்தை இறக்கியபோது பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமா என்று இருந்தது. அழுகை வந்தது. அழவும் கூசியது, இந்த இடத்தில் அழ வேண்டியவள் சுன்பொக்தான்.

"மணி என்ன?" என்றாள் சுன்பொக், நனைந்த முகத்தைத் துடைக்காமலே.

"ஒண்ணு தாண்டிடுச்சுக்கா."

"இங்கிலீஷ் ஆரம்பிக்கப் போறாங்க."

இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தலைக்கு மேல் விமானம் உரசிக்கொண்டு போகாத நேரமே கிடையாது கிம்ஹேயில். வருஷத்தில் இந்த ஒரு மத்தியானம்தான், பிள்ளைகள் காதால் கேட்டு விடை எழுதுகிற நேரம் மட்டும், நாடு முழுக்க விமானங்கள் பறக்காமல் நிற்கும். கடைசி விமானத்தின் சத்தம் தேய்ந்து அடங்கியது. மாடிப்படியில் அவர்கள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"கேளு" என்றாள் சுன்பொக். "இப்ப கேளு. வாய்விட்டுக் கேளு, என் காதுல விழணும்."

யோன்சில் படியிலேயே முழங்காலில் நின்றாள். சிமெண்ட் சில்லென்றிருந்தது.

"ஆண்டவரே, சியோன்..." என்றவள் சுன்பொக்கைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள். "சியோனோட காதத் தொறந்தருளும். அவ வயித்தக் கலக்குதுன்னு சொன்னா, அத நீர் அமர்த்தியருளும். அவ கை நடுங்காம இருக்கட்டும். நான் கேட்ட கெட்டதைக் கேக்காத மாதிரி விட்டுடும். அவங்க அம்மா வாயை மூடிக்கிட்டு நம்பி விட்டதுக்கு நான் துரோகம் பண்ணிட்டேன், என் கணக்க அந்தப் பிள்ளை மேல எழுதிடாதேயும். சியோன் நல்லா எழுதட்டும் ஆண்டவரே. யேசுவின் நாமத்தில், ஆமென்."

கண்ணைத் திறந்தாள். சுன்பொக் ஆமென் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்குள்ள என்ன ஆமென்?" என்றாள். "பிளேன் திரும்பப் பறக்கிற வரைக்கும் கேளு."